ஃபிலிமுக்குத் தொடர் ஆதரவு

வர்ணேந்து நிறுவனம் ஃபிலிமுக்குத் தன் ஆதரவு என்றென்றும் தொடரும் என்று அறிவித்த நாளில்தான், மண்ணூர்பேட்டையில் இருந்த ஃபிலிம் கழுவும் கவுன்ட்டரை மூடியது. இரண்டும் ஒரே நாளில் நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை மிகப் பெரியது. அதை மாட்ட வேறு இடம் இல்லாததால் கவுன்ட்டரின் ஷட்டரை இறக்கி அதன்மேல் மாட்டினார்கள்.

அந்தப் பலகைக்கு முன்னால், தை மாதத்து வெயிலில், கையில் ஒரு ரோலோடு நின்றவள் பெயர் சுதா. வயது முப்பத்தெட்டு. வேப்பம்பட்டில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்கப் பல்சக்கரங்களின் பற்களை அளந்து, சரியானதை ஒரு பெட்டியிலும் சரியில்லாததை இன்னொரு பெட்டியிலும் போடுவாள். எதுவானாலும் இந்த இரண்டு பெட்டியில் ஒன்றில் அடங்கிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தாள்.

அவள் கலைஞர் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் யாரோ அவளுடைய செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மகன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அதன்பிறகு, யாரும் பிடுங்கிக்கொண்டு ஓட முடியாத ஒன்று வேண்டும் என்று ஆவடி மார்க்கெட்டில் ஒரு பழைய ஃபிலிம் கேமராவை வாங்கினாள். மாதத்துக்கு ஒரு ரோல் எடுத்தாள். நெகட்டிவ்களைப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தாள். அவ்வளவுதான் அவளுடைய கலை.

ஒரு தப்பு மட்டும் செய்திருந்தாள். வர்ணேந்து கலர் ஃபிலிமைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மற்ற ஃபிலிம்களை எந்த லேபில் வேண்டுமானாலும் கழுவலாம். வர்ணேந்து ஃபிலிமை வர்ணேந்துவின் மருந்தில், வர்ணேந்துவின் மெஷினில்தான் கழுவ முடியும். வேறு மருந்தில் போட்டால் படம் வராது, சேறுதான் வரும். கழுவும் முன் வெளிச்சம் பட்டால் அந்தச் சேறுகூட வராது. இந்த ஏற்பாட்டை நிறுவனம் தன் விளம்பரங்களில் 'உறவு' என்று குறிப்பிட்டு வந்தது.

கையில் இருந்த ரோல் அங்கம்மாவுடையது. அங்கம்மா சுதாவின் கம்பெனியில் தரை துடைத்தவர். பதினான்கு வருடமாக வேப்பம்பட்டில் சுதாவோடு அதே ரயிலில், பெண்கள் பெட்டியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கியவர். வயது அறுபது ஆனதும் கான்ட்ராக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். கடைசி வேலை நாளில் ரயிலிலேயே கேக் வெட்டினார்கள். பெட்டியில் வழக்கமாக வரும் ஏழு பெண்களும் இருந்தார்கள். படம் எடுக்க எல்லாரும் செல்போனை நீட்டியபோது சுதாதான் அதட்டினாள். போட்டோவில் ஒருத்தி செல்லைப் பிடித்துக்கொண்டு நின்றால் அசிங்கமாக இருக்கும், எல்லாரும் உள்ளே வையுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றாள். வைத்தார்கள். ஆவடி தாண்டியதும் யாரோ கான்ட்ராக்டரைப் போலப் பேசிக் காட்ட, எப்போதும் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் அங்கம்மா கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். முன்பல் இல்லாத வாய் முழுக்கத் தெரிந்தது. சுதா அழுத்தினாள். அது பத்தொன்பதாவது படம்.

அங்கம்மாவிடம் இருந்த மற்ற படங்கள் ஆதாரில் ஒன்று, கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று. இரண்டிலும் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர் மாதிரி இருப்பார்.

பலகையைப் படித்துவிட்டுத் திரும்பப் போன சுதாவை வாட்ச்மேன் நிறுத்தினார். ஆதரவுத் துறை மாடியில் இருக்கிறது என்றார்.

மாடியில் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஃபிலிம் செய்யும்போதும் கழுவும்போதும் மொத்தமே பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள் என்பது சுதாவுக்கு நினைவு இருந்தது. ஏ.சி. நன்றாக வேலை செய்தது. ஆதரவுத் துறை மேலாளர் ராகேஷ் எழுந்து நின்று வரவேற்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

ஃபிலிமை நிறுத்திவிட்டீர்களா என்று சுதா கேட்டதும் அந்த முகம் லேசாக வாடியது.

"ஒரு சின்னத் திருத்தம் மேடம். ஃபிலிமை நாங்க நிறுத்தல. தயாரிக்கிறது, விக்கிறது, கழுவுறது, இந்த மூணை மட்டும்தான் நிறுத்தியிருக்கோம். ஃபிலிமுக்கு உண்டான ஆதரவு அப்படியே இருக்கு. சொல்லப்போனா முன்னவிட அதிகம்."

அவளுக்கு முன் வந்தவர்கள் எல்லாம் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாகவும், நம்பி மேலே ஏறிவந்த முதல் ஆள் அவள்தான் என்றும் அவர் சொன்னார். ரோலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன்மேல் சுதா ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'அங்கம்மா' என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு சீட்டை ஒட்டி, 'ஆதரவு எண் 1' என்று எழுதி ரசீது கொடுத்தார். எப்போது கழுவித் தருவீர்கள் என்று அவள் கேட்டாள். அது அடுத்த கட்டம் என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுதாவின் செல்லுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் ஃபிலிம் எங்கள் ஆதரவில் நலமாக இருக்கிறது.'

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கம்மாவும் போன் செய்தார். சுவரில் ஆணி அடித்துவிட்டதாகவும், வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். சுதா வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினாள்.

"நலமா கீதுன்றாங்களா? அப்ப சரி," என்றார் அங்கம்மா. "நடக்கற மாதிரி இருந்தா இங்க வரச் சொல்லு."

பிப்ரவரியில் ஒரு மாலை, பட்டரவாக்கத்தில் அவள் பெட்டியில் ஒரு பெண் ஏறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் கலைவாணி. ஆறு வருடம் கீழ் கவுன்ட்டரில் மெஷினை ஓட்டியவள். ஃபிலிம் கழுவத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவளை ஆதரவுத் துறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போனை எடுத்து, ஒரு அட்டையில் இருக்கும் ஐந்து வாக்கியங்களை வாடிக்கையாளர்களுக்குப் படித்துக் காட்டுவது அவள் வேலை. கழுவுவது பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அது தொழில்நுட்பம், தனித் துறை. அந்தத் துறை இப்போது இல்லை.

அண்ணனூரில் இறங்குவதற்குள் கலைவாணி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். மெஷின் கீழேதான் இருக்கிறது. மருந்து ஒரு கேன் மிச்சம் இருக்கிறது. மார்ச் கடைசி வரைதான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை தூசி தட்ட அவளைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

"ஒரு ரோல்தானேக்கா. அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன். நீங்க ரோலை மட்டும் வெளிய வாங்கிடுங்க. மேல ராகேஷ் சார் பீரோல இருக்கு, அதை என்னால எடுக்க முடியாது."

மறுநாளே சுதா அரைநாள் லீவு போட்டுவிட்டு ராகேஷ் முன்னால் போய் நின்றாள். என் ரோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு ஏன் சிரமம் என்றாள். ராகேஷ் சிரமமே இல்லை என்றார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து விதியைக் காட்டினார். ஆதரவில் இருக்கும் பொருளை ஆதரவு முடிந்த பிறகுதான் திருப்பித் தர முடியும்.

"ஆதரவு எப்ப சார் முடியும்?"

"முடியாது மேடம். தொடர் ஆதரவு."

அவள் அந்த விதியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். எழுத்துப் பிழை ஏதும் இல்லை. இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ராகேஷ் அவளுக்காக வருத்தப்பட்டார். அது பொய்யான வருத்தம் இல்லை. மெஷினை ஓட்ட வைக்க ஒரே ஒரு வழி இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மார்ச் முதல் ஞாயிறு அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஃபிலிம் புகைப்படக்காரர்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. நிர்வாக இயக்குநர் திருவேங்கடமே நேரில் வருகிறார். குறைந்தது இருபது ரோலுக்குத் தேவை இருக்கிறது என்று அங்கே தெரிந்தால், அவர் மனம் வைக்கலாம்.

அப்படித்தான் அவள் மனோகரனைத் தேடிப் போனாள். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அம்பத்தூர் ஏரிக்கு வரும் பறவைகளைப் பத்து வருடமாக வர்ணேந்து ஃபிலிமில் எடுத்துவந்தார். கவுன்ட்டர் மூடியபோது அவரிடம் கழுவாத ரோல்கள் பதினொன்று இருந்தன.

"குடுத்துட்டியா நீ?" என்றார், கதை முழுக்கக் கேட்டுவிட்டு. "பூட்ச்சி, அவ்ளோதான். என்னுது பதினொண்ணும் ஃபிரிஜ்ஜில கீது, இட்லி மாவு பக்கத்துல. எங்க ஊட்டுக்காரி கத்திகினு கீறா. கத்தட்டும். என் கைய உட்டு ஒரு ரோலு போவாது. மீட்டிங்ல நான் பேசறேன் பாரு. அவனுங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கறேன்."

அவர் கோபமாக இருந்தது சுதாவுக்கு ஆறுதலாக இருந்தது. இருவரும் மூன்று ஞாயிறுகள் அலைந்தார்கள். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு விமானப்படை ஊழியரிடம் நான்கு ரோல், பூந்தமல்லியில் ஒரு பல் டாக்டரிடம் ஐந்து, திருமுல்லைவாயிலில் ஒரு ஆசிரியையிடம் இரண்டு. சுதாவுடையதையும் சேர்த்து இருபத்துமூன்று ஆனது.

கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கருத்துச் சொல்ல நாற்பது நொடி. ராகேஷ் கையில் மணி இருந்தது. பூந்தமல்லி டாக்டர், ஃபிலிம் கிடைக்குமா என்று கேட்டார். ஆசிரியை, கழுவித் தருவீர்களா என்று கேட்டார். விமானப்படைக்காரர் இரண்டையும் சேர்த்துக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் அறுபது பேரும் ஏறக்குறைய இந்த இரண்டு கேள்வியைத்தான் கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பெண்ணின் நோட்டைச் சுதா எட்டிப் பார்த்தாள். 'ஃபிலிம் மீது மக்கள் கொண்டுள்ள பேரார்வம் வெளிப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே அறுபது கோடுகள் இருந்தன.

சுதாவின் முறை வந்தபோது அவள் அங்கம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ரயில், கேக், செல்போன்களை உள்ளே வைக்கச் சொன்னது. அவர் சிரித்தது வரை வந்தபோது மணி அடித்தது.

மனோகரன் மணிக்கு அடங்கவில்லை.

"த பாருங்க சார். எங்களுக்குப் பேரார்வமும் வாணாம் ஒண்ணும் வாணாம். கீய மெஷின் கீது, மருந்து கீது, ஓட்டத் தெரிஞ்ச பொண்ணு கீது, எங்களாண்ட இருபத்துமூணு ரோலு கீது. இந்த நாலையும் ஒண்ணா சேத்து உடறதுக்கு உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

மண்டபம் கைதட்டியது. நிர்வாக இயக்குநர் திருவேங்கடமும் தட்டினார். வெள்ளைச் சட்டை, குங்குமப் பொட்டு, நிதானமான மனிதர். மைக்கைப் பிடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"என் தாத்தா ஃபிலிம் தயாரித்தார். என் அப்பா ஃபிலிம் விற்றார். நான் ஃபிலிமை நேசிக்கிறேன். தயாரிப்பதும் விற்பதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நேசிப்பது சுலபமில்லை. ஃபிலிம் விற்ற காலத்தில் எங்களுக்குத் தினமும் புகார் வரும். நிறம் சரியில்லை, விலை ஜாஸ்தி, ஸ்டாக் இல்லை. விற்பதை நிறுத்திய நாளிலிருந்து நிறத்தைப் பற்றி ஒரு புகார் வரவில்லை. இதைவிடத் தரம் என்ன இருக்க முடியும்? ஒரு பொருளை விற்கும்போது அதில் நமக்கு லாப ஆசை வந்துவிடுகிறது. இன்று எங்களுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் ஃபிலிம்கூட இல்லை. கலப்படமில்லாத அன்பு மட்டும்தான் இருக்கிறது. இங்கே அறுபது பேர் அழுதீர்கள். இந்த அழுகை இவ்வளவு நாள் எங்கே இருந்தது? நாங்கள் ஒழுங்காகத் தயாரித்துக்கொண்டிருந்தபோது ஒருவராவது எங்களுக்காக அழுதீர்களா? ஆகவே, ஆதரவு என்றால் என்ன என்பதை நாம் சேர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறோம்."

பிறகு அறிவித்தார். மண்ணூர்பேட்டைக் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் 'ஃபிலிம் அனுபவ மையம்' ஆகப்போகிறது. கழுவும் மெஷினை மெருகேற்றி நடுவில் வைப்பார்கள். கொதிப்போடு பேசிய அந்த அன்பர், மனோகரன், ஆலோசனைக் குழுவில் முதல் உறுப்பினராகச் சேர்க்கப்படுகிறார். அங்கேயே அவர் கழுத்தில் ஒரு நீலநிற அட்டையை மாட்டினார். மனோகரன் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் அட்டை கழுத்தில் ஏறியதும் அதைத் திருப்பி, தன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அடுத்த வாரம் சுதா ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது அவர் அந்த அட்டையோடுதான் இருந்தார். மருந்து என்ன ஆனது என்று கேட்டாள். அவர் பேசும் விதமே கொஞ்சம் மாறியிருந்தது. அவசரப்படக் கூடாது, நிர்வாகத்துக்கும் சில நெருக்கடிகள் உண்டு, நாம் அதையும் யோசிக்க வேண்டும் என்றார். 'நாம்' என்று அவர் சொன்னது சுதாவையும் சேர்த்தா, நிர்வாகத்தை மட்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை. ஃபிரிஜ்ஜில் இருந்த பதினொரு ரோலையும் அவர் ஆதரவில் கொடுத்துவிட்டிருந்தார். உறுப்பினரே கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது என்றார்.

மார்ச் மூன்றாம் வாரம் ராகேஷே போன் செய்தார். நல்ல செய்தி என்றார். மையத்தின் திறப்பு விழா இருபத்தெட்டாம் தேதி. அன்று விழா முடிந்ததும் கடைசியாக ஒரே ஒரு முறை மெஷினை ஓட்டலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார். முதல் ரோல் சுதாவுடையது. ஆதரவு எண் ஒன்று என்பதால் அவளே மேடையில் தட்டு ஏந்தி நிற்க வேண்டும். கலைவாணியும் அன்று மாலை ரயிலில் அதை உறுதிசெய்தாள். மருந்தைக் கலக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சுதா வேப்பம்பட்டில் இறங்கியதும் நேரே அங்கம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அங்கம்மா அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். 

விழா நாளில் சுதா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நாதஸ்வரமும் தவிலும் இருந்தன. நூற்றைம்பது பேர் இருந்தார்கள். முன் வரிசையில் நீல அட்டையோடு மனோகரன். கண்ணாடி அறைக்குள் மெஷின் பளபளத்தது. அதன் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு கலைவாணி தயாராக நின்றாள்.

சுதாவின் கையில் வெள்ளித்தட்டைக் கொடுத்தார்கள். சிவப்பு வெல்வெட் துணி போட்டு மூடியிருந்தது. கத்தரிக்கோல் இருக்கும் என்று நினைத்தாள். திருவேங்கடம் மைக்கில், எல்லாரும் ரிப்பன் வெட்டித் திறப்பார்கள், ஃபிலிம் நிறுவனம் எதற்கு ரிப்பனைத் தேட வேண்டும் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ராகேஷ் துணியை எடுத்தார். தட்டின் நடுவே ஒரு ரோல் இருந்தது. ஃபிலிமின் நுனியை முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பிளாஸ்திரியில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

"சார், அது," என்றாள் சுதா.

கெட்டிமேளம் என்று யாரோ கை காட்டினார்கள். திருவேங்கடம் நுனியைப் பிடித்து இழுத்தார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. ஒன்றரை மீட்டர் ஃபிலிம், கருநீலமும் சாம்பலுமாகப் பளபளத்துக்கொண்டு, பங்குனி வெயிலில் முழுதாக வெளியே வந்தது. அதை மாலைபோல இரண்டு கையிலும் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். முதலில் கைதட்டியவர் மனோகரன். நாலைந்து தட்டு தட்டிய பிறகு அவர் கை நின்றது. பக்கத்தில் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்ததால் மறுபடி மெதுவாகத் தட்டினார்.

கண்ணாடி அறைக்குள் கலைவாணி கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சுதா தட்டைக் கீழே வைக்கவில்லை. வைக்க இடம் இல்லை. நூற்றைம்பது செல்போன்கள் அவளைப் படம் எடுத்தன. யாரோ கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

விழா முடிந்ததும் ராகேஷைப் பிடித்தாள். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.  ஏன் என் ரோல், வேறு ரோலே இல்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்பதுதான் உண்மை என்று ராகேஷ் விளக்கினார். நிறுவனத்திடம் சொந்தமாக ஒரு ஃபிலிம்கூட ஸ்டாக் இல்லை. ஆதரவில் இருப்பவைதான் இருந்தன. அதில் எண் ஒன்றை எடுப்பதுதான் முறை. மற்றவர்களுடையதை எடுத்திருந்தால் அவளுக்குச் செய்த மரியாதைக் குறைவாகப் போயிருக்கும்.

"வீணாப் போச்சுன்னு நினைக்காதீங்க மேடம். கழுவி பிரிண்ட் போட்டிருந்தா நீங்க ஏழு பேர்தான் பாத்திருப்பீங்க. இன்னிக்கி நூத்தம்பது பேர் பாத்தாங்க."

மற்ற இருபத்திரண்டு ரோல்களையும் அன்று கழுவவில்லை. இருபதுக்குக் குறையக் கூடாது என்ற விதி இருந்தது, இருபத்திரண்டு இருந்தது. ஆனால் அனுமதிக் கடிதத்தில் 'எண் ஒன்று முதல்' என்று எழுதியிருந்தது. எண் ஒன்று இப்போது இல்லாததால் தொடங்குவதற்கு வழியில்லை. மருந்து ஏப்ரல் இரண்டாம் தேதி கெட்டுப்போனது. அன்று திங்கட்கிழமை இல்லை. இருந்தாலும் சுதாவுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் கோரிக்கைக்குத் தீர்வு காணப்பட்டது.'

அங்கம்மாவிடம் சொல்ல அவளுக்கு எட்டு நாள் ஆனது. போய் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். செல்போனையெல்லாம் உள்ளே வைக்கச் சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்றாள். அங்கம்மா சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார். ஃபிலிமை இப்போது என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டார். மையத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று கலைவாணி சொல்லியிருந்தாள்.

"சட்டம் போட்டுட்டாங்களா? அப்ப வா, போயி பாத்துட்டு வரலாம்."

அதில் ஒன்றும் தெரியாது என்று சுதா எவ்வளவோ சொன்னாள். அங்கம்மா கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கேக் வெட்டிய அன்று கட்டிய பச்சைப் புடவையையே கட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

மையத்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் நீளமான சட்டத்துக்குள் அந்த ஃபிலிம் படுத்திருந்தது. ஒரு கோடிக்கு மறுகோடி ஒரே மாதிரி ஊதாவும் சாம்பலும். ஒரு கோடு, ஒரு நிழல் இல்லை. கீழே 'ஒரு சாதாரணப் பெண்ணின் நினைவுகள்' என்று எழுதியிருந்தது.

அங்கம்மா கண்ணாடிக்குக் கிட்டப் போய் இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். கிட்டப் போகாதீர்கள் என்று ஒரு காவலாளி சொன்னார். அவர் ஒரு அடி பின்னால் வந்தார்.

"இதுல நான் எங்க கீறேன்?"

சுதா ஓரத்துத் துளைகளை எட்டு எட்டாக எண்ணினாள். ஒரு படத்துக்கு எட்டுத் துளை. விரலைக் கண்ணாடியில் படாமல் வைத்துக் காட்டினாள். "இங்க."

"சிரிச்சிகினா?"

"ஆமா."

"வாய மூடிகினா, தொறந்துகினா?"

"தொறந்துதான். நல்லா."

அங்கம்மா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார். சுதா ஒவ்வொருவராகக் காட்டினாள். ஒரே ஊதா நிறத்தில் யாருக்கு எந்த இடம் என்று சொல்லச் சொல்ல எண்ணிக்கை தவறி, மறுபடி முதல் துளையிலிருந்து எண்ணினாள். அங்கம்மா அவள் முதுகைத் தட்டி, போதும் வா என்றார்.

வெளியே போகும் கதவு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு திரை இருந்தது. கருத்துச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று அங்கிருந்த பெண் பணிவாகச் சொன்னாள். திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. ஒன்று கொஞ்சமாகச் சிரித்தது. ஒன்று நன்றாகச் சிரித்தது. மூன்றாவது முகம் பல் இல்லாத வாயை முழுக்கத் திறந்து சிரித்தது. நான்காவது முகம் இல்லையா என்று சுதா கேட்டாள். இல்லை என்றாள் அந்தப் பெண்.

சுதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அங்கம்மா திரையைக் குனிந்து பார்த்தார். மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து சிரிக்கும் முகத்தின்மேல் ஒரு விரலை வைத்தார்.

"இவ்ளோதாம்மா சிரிச்சேன்," என்றார் அந்தப் பெண்ணிடம். "இதுக்கு மேல இல்ல."

மிக்க நன்றி என்று திரை சொன்னது. கதவு திறந்தது.